வைஃபை பாஸ்வேர்ட் குடுக்குறதுக்கு முன்னாடி...

குற்றாலம் சீசன் வந்தா தென்காசி கிளினிக்குகள்லயும் கூட்டம் வரும். பேஷண்ட் கூட வர்றவங்க முதல்ல கேக்குறது "வைஃபை பாஸ்வேர்ட் என்ன சார்?" தாராளமா குடுங்க. ஆனா அந்த வைஃபை உள்ள எங்க போய்ச் சேருதுன்னு பாத்துட்டு குடுங்க. சின்ன த்ரெட் 👇

பல சின்ன ஆஸ்பத்திரிகள்ல பில்லிங், லேப், சிசிடிவி, ஐசியூ மானிட்டர், வர்றவங்க செல்போன் எல்லாம் ஒரே வலையில தொங்குது. ஒண்ணுல வைரஸ் வந்தா மத்ததுக்குப் பரவ தடையே இல்ல.

பயமுறுத்தலன்னு நினைக்காதீங்க. 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். ரான்சம்வேர் தாக்குதல். 5 சர்வர், சுமார் 1.3 டெராபைட் டேட்டா முடங்குச்சு. ஓபி பதிவு, லேப் ரிப்போர்ட் எல்லாம் பேப்பர் பேனாவுக்குத் திரும்புச்சு. மத்திய அரசு நாடாளுமன்றத்துல சொன்ன காரணம்: நெட்வொர்க்கை சரியாப் பிரிச்சு வைக்காதது.

பிரிக்கிறதுக்கான வழிதான் விலேன். (வில்லன் இல்லீங்க!) மெயின் அருவில விழுற தண்ணி ஒண்ணுதான், ஆனா ஆண்கள் பக்கம் வேற, பெண்கள் பக்கம் வேற. அதே மாதிரி ஒரே சுவிட்ச், ஒரே கேபிள், உள்ளுக்குள்ள தனித்தனி வலை.

மேனேஜ்டு சுவிட்ச்ல ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு நம்பர் குடுப்பாங்க. பில்லிங் 10, மானிட்டர் 20, விருந்தினர் வைஃபை 30னு வைங்க. மாடிக்குப் போற பொதுக் கேபிள் பேரு டிரங்க். அதுல போற டேட்டாவுல சுவிட்ச் ஒரு 4 பைட் சீட்டு ஒட்டும், நம்ம ஓபி டோக்கன் மாதிரி. மேல இருக்குற சுவிட்ச் நம்பரைப் பாத்து, சீட்டைக் கிழிச்சுட்டு, உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். 802.1கியூன்னு பேரு, 1998லயே வந்த தரம். ஒரே வைஃபை பெட்டிகூட ரெண்டு பேர்ல ரெண்டு விலேன் குடுக்கும்.

என் கருத்து: இது ஐடி ஆளோட வேலை இல்ல, இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல். பழைய விண்டோஸ்ல ஓடுற ஸ்கேன் மெஷினை நாமளா அப்டேட் பண்ண முடியாது, கம்பெனி விடாது. எதிர்ப்பு சக்தி இல்லாத பேஷண்ட்டை ஜெனரல் வார்டுலயா படுக்க வைப்போம்? 8 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் ஒரு ஏசி விலைகூட வராது.

ஆனா நம்பர் மட்டும் போட்டா பத்தாது. 30ல இருந்து 20க்கு ரவுட்டரோ ஃபயர்வாலோ வழியாத்தான் போகணும். அங்க எல்லாத்தையும் அனுமதிச்சு வச்சா, சுவர் கட்டிட்டு கதவைத் திறந்து போட்ட கதைதான்.

அதனால "விலேன் போட்டாச்சு டாக்டர்"னு சொன்னா, விருந்தினர் வைஃபைல ஒரு லேப்டாப்பை இணைச்சு மானிட்டருக்கு பிங் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. பதில் வந்துச்சுன்னா பில்லுக்கு காசு குடுக்காதீங்க.