டைம்டேபிளில் இருக்கும் டுட்டோரியல், கிளாஸில் எங்கே போச்சு?

என்ஜினீயரிங் படித்தவரா நீங்கள்? பழைய சிலபஸ் பிடிஎஃப் போனில் கிடந்தால் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் எல், டி, பி, சி என்று நான்கு எழுத்துகள் இருக்கும். எல் என்றால் விரிவுரை, பி செய்முறை, சி கிரெடிட். எல்லுக்கு அடுத்து நிற்கும் அந்த 'டி'தான் டுட்டோரியல்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணிதத்துக்கு வாரம் 3 விரிவுரை, 1 டுட்டோரியல். 2017 பாடத்திட்டத்தில் 4 விரிவுரை, டுட்டோரியல் பூஜ்ஜியம். 2021-ல் மறுபடியும் 3, 1. கிரெடிட் மட்டும் மூன்றிலும் அதே 4. இந்த மாற்றம் வகுப்பில் தெரிந்ததா என்று படித்தவர்களைக் கேட்டால், பலர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

காரணம் எளிது. அந்த பீரியடில் 'போர்ஷன் முடிக்கணும்' என்று இன்னொரு விரிவுரை ஓடும். இல்லையென்றால் ஆசிரியர் போர்டில் இரண்டு கணக்குப் போடுவார், 60 பேர் நோட்டில் இறக்கிக்கொள்வார்கள். (நம்ம ஊரில் டுட்டோரியல் என்றாலே பத்தாவதில் ஃபெயில் ஆனவர்கள் போகும் இடம் என்ற நினைப்பு வேறு.) ஆனால் அந்த ஒரு மணி நேரம் மாணவர் பேசவும், தப்பாகப் போட்டுப் பார்க்கவும் ஒதுக்கப்பட்டது.

60 பேரைப் பிரிக்க ஆள் ஏது, ரூம் ஏது என்பது கல்லூரிகளின் பதில். பாதி நியாயம்தான். ஆசிரியர்-மாணவர் விகிதத்தை 1:15-லிருந்து 1:20 ஆக ஏஐசிடிஇ தளர்த்தியதே 2018-ல்தான். ஆனால் ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990-களில் பெரிய ஹாலிலேயே இதைச் செய்து காட்டினார். ஒரு கேள்வி; முதலில் தனியாகப் பதில்; பிறகு பக்கத்து சீட்காரருடன் வாதம்; மறுபடி பதில். அவ்வளவுதான்.

நம் வகுப்பில் சிக்கல் வேறிடத்தில். "டவுட் இருக்கா?" என்று கேட்டுவிட்டு உடனே அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறோம். அமெரிக்கப் பள்ளி வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் காத்திருப்பதை 1970-களிலேயே பதிவு செய்தார். அதை 3 நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த மாணவிக்கு 3 நொடியும் போதாது. விடை தெரியும், அதை இங்கிலீஷில் கோப்பதற்குள் முன் பெஞ்ச் சொல்லிவிடும். நான்கு வருஷம் இப்படியே வாயை மூடி உட்கார்ந்தவரை, பிளேஸ்மென்ட் குரூப் டிஸ்கஷனில் பத்து நிமிஷம் பேசு என்கிறோம். இது என்ன நியாயம்? டுட்டோரியலில் தமிழில் யோசிக்கட்டும், தமிழிலேயே சண்டை போடட்டும். விடையை மட்டும் இங்கிலீஷில் எழுதினால் போதும்.

கணக்கை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாம். நாலு நாலு பேராக உட்கார வைத்து, சாக்பீஸை அவர்கள் கையில் கொடுக்கலாம். தப்புக்கு மார்க் குறைக்கவே கூடாது. முதல் சில வாரம் சத்தம் காதைப் பிளக்கும், ஹெச்.ஓ.டி. எட்டிப் பார்ப்பார். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது நல்லது.