மண் குவளையில் டீ கொடுத்தால் மரியாதைக் குறைவா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த மாமா, நான் நீட்டிய டீயை வாங்க மறுத்துவிட்டார். டீயில் குற்றமில்லை. அது மண் குவளையில் இருந்ததுதான் குற்றம்.

"ஊர்ல எங்களுக்குச் சிரட்டையிலதான் ஊத்துனாங்க, மருமகனே. பொறவு தனி கிளாஸ் வச்சாங்க. தாராவிக்கு வந்த பொறவுதான் எல்லாரும் குடிக்கிற கிளாஸ்ல நானும் குடிச்சேன். இப்ப நீயே மண்ணுல தாரியே!" என்றார்.

மாமா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். அவர் மனம் புண்பட்டதில் நியாயம் உண்டு. என் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். தீர்ப்பை வாசகர்களே வழங்கட்டும்.

கப்பலில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சீனாவிலிருந்து சின்ன மண் கெண்டி ஒன்றும் ஒரு பொட்டலம் தேயிலையும் கொண்டுவந்து கொடுத்தார். பளபளப்பே இல்லாத, செம்பழுப்பு நிறக் கெண்டி. நான் அதில் பாலும் சர்க்கரையும் ஊற்றி நம்மூர் டீ போட்டேன். சோப்புப் போட்டுக் கழுவி வைத்தேன். மூன்றாம் நாள் புளித்த பால் நாற்றமும் சோப்பு வாடையும் சேர்ந்து வந்தன. நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகுதான் விவரம் தெரிந்துகொண்டேன்.

சீனாவின் ஜியாங்சு மாநிலத்தில் யீஷிங் என்றொரு ஊர். அங்கே கிடைக்கும் ஒருவகை மண்ணில் சுமார் 500 ஆண்டுகளாகத் தேநீர்க் கெண்டி செய்துவருகிறார்கள். உள்ளும் புறமும் கண்ணாடிப் பூச்சு கிடையாது. மண்ணிலுள்ள நுண்ணிய துளைகள் தேநீரின் மணத்தை மெல்ல மெல்ல ஈர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேயிலை என்பது அவர்கள் வழக்கம். கொதிநீர் கேட்கும் ஊலாங், பூஅர் வகைகளுக்கு அது ஏற்றது. இளம் பச்சைத் தேயிலைக்கு அவ்வளவு சூடு ஆகாது. அதற்குப் பீங்கானே மேல். பால் படக் கூடாது. சோப்பும் கூடாது. வெந்நீரால் அலசி, மூடியைத் திறந்து காயவைத்தால் போதும். மும்பை மழைக்காலத்தில் மூடி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது. சீனத்து மண்ணைப் பற்றிப் படித்த நான், பத்து நிமிட நடையில் இருக்கும் கும்பர்வாடாவில் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. சௌராஷ்டிரத்திலிருந்து பிழைக்க வந்த குயவர்கள் 1930-களிலிருந்து தாராவியில் அந்த இடத்தில் சக்கரம் சுற்றுகிறார்கள். அவர்கள் சூளைப் புகையை நாம் வைதிருக்கிறோம். அவர்கள் செய்த குவளையில் குடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

குவளை வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உட்புறம் பளபளப்போ வண்ணமோ இருந்தால் வேண்டாம். மலிவான பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். விரலால் சுண்டிப் பாருங்கள். கணீர் என்றால் நன்றாக வெந்தது; மொத்தென்று ஒலித்தால் கீறல் இருக்கலாம், அல்லது வேகாததாக இருக்கலாம். வெந்நீர் ஊற்றி முகர்ந்து பாருங்கள். மண் வாசனை வரலாம். புகை நாற்றமோ எண்ணெய் வாடையோ வரக் கூடாது. கும்பர்வாடாச் சூளைகளில் பஞ்சு, துணிக் கழிவுகளை எரிப்பதால் இந்தச் சோதனை அவசியம். புதுக் குவளையை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு பயன்படுத்துங்கள்.

இந்தக் குவளை யீஷிங் கெண்டிக்கு ஈடாகாது. யீஷிங் மண் 1,000 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்து இறுகியது. நம் சூளையின் சூடு அதைவிடக் குறைவு. குவளை அதிகம் உறிஞ்சும். எனவே பால் டீ குடித்தால் ஒரு தடவையோடு சரி. பாலில்லாத தேநீர் என்றால், நன்றாகக் காயவைத்து மறுபடியும் குடிக்கலாம்.

இனி மாமாவின் கேள்விக்கு வருகிறேன். வடநாட்டில் குடித்துவிட்டு உடைத்தெறியும் மண் குவளையில் சுத்தத்தோடு தீட்டு எண்ணமும் கலந்திருந்தது உண்மை. ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்பதால் இன்னொன்றும் தெரியும். தென்னாட்டு ரயில் நிலையச் சிற்றுண்டி விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனியிடம் என்ற முறை, பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941-இல்தான் ஒழிந்தது. அதே ரயில் நிலையங்களில் மண் குவளையில் டீ என்று 2004-இல் ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத் யாதவ் அறிவித்தார். அது நிலைக்கவில்லை. 400 நிலையங்களில் மண் குவளை வந்துவிட்டதாக 2020-இல் அமைச்சர் பியூஷ் கோயல் சொன்னார். அந்த ஏற்பாட்டில் ஏ.சி. பெட்டிக்காரருக்கும் ஜெனரல் பெட்டிக்காரருக்கும் ஒரே குவளைதான்.

ஆகவே அவமானம் மண்ணில் இல்லை; பிரித்து வைப்பதில்தான் இருக்கிறது. இதை மாமாவிடம் பெரிய நியாயமாக எடுத்துச் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார். என் கையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. விருந்தாளிக்குச் சிறப்பாக இருக்கட்டும் என்று அவருக்கு மட்டும் மண் குவளை கொடுத்திருந்தேன். வீட்டில் மற்ற எல்லோருக்கும் எவர்சில்வர்! நான் வாயடைத்துப் போனேன்.

மறுநாளே கும்பர்வாடாவுக்குப் போய் ஒரு டஜன் குவளை வாங்கினேன். தாராவி மறுசீரமைப்பு பற்றித்தான் அங்கும் பேச்சு. சக்கரத்துக்கும் சூளைக்கும் காயவைப்பதற்கும் தரை வேண்டும். மாடி வீட்டில் மண் பிசைய முடியுமா என்று ஒரு குயவர் கேட்டார். அவர் கேட்பது நியாயம்தானே?

நம்மவர்கள் கும்பர்வாடாவில் குவளை வாங்க வேண்டும். வாங்கினால் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் சேர்த்து வாங்குங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமாவை மறுபடியும் அழைத்திருக்கிறேன். முதல் குவளையை நான் எடுத்துக்கொள்வேன்.