மணி எங்கே கிடந்தது?



மழை ஓய்ந்ததும் மதுரையைச் சுற்றியுள்ள பழைய மண்மேடுகளில் பானை ஓடுகளும் சிறு பாசிமணிகளும் தலைகாட்டுவதுண்டு. அப்படிப் பொறுக்கிய மணிகளை ஒரு தீப்பெட்டி நிறைய என் மாணவர் ஒருவர் கொண்டு வந்தார்.

“இவை எத்தனை ஆண்டுப் பழமை, சார்?”

“எங்கே எடுத்தது, தம்பி?”

“நாலைந்து ஊர்களில். எது எங்கே என்று நினைவில்லை.”

என்னால் அவருக்கு விடை கூற முடியவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு நீல மணி கண்ணாடியாக இருக்கலாம். பண்டை எகிப்தியரும் சிந்துவெளி மக்களும் செய்த ஃபேயன்ஸாகவும் இருக்கலாம். வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்சுப் பொடியுடன் சுண்ணாம்பு, கார உப்பு, தாமிரச் சேர்மம் ஆகியவற்றைக் கலந்து பிசைந்து செய்வதே ஃபேயன்ஸ். ஈரச் சுவரில் உப்புப் பூக்கிறதல்லவா? அதுபோல, மணி உலரும்போது உப்பு மேற்பரப்பில் பூக்கும். சுமார் 900 டிகிரி சென்டிகிரேடில் சுட்டால் அது உருகி நீலப் பளபளப்பாகிவிடும். உள்ளிருக்கும் குவார்ட்சுத் துகள்கள் உருகாமல் படிகங்களாகவே நிற்கும். கண்ணாடிக்கோ படிக அமைப்பு கிடையாது. இந்த வேறுபாட்டை எக்ஸ் கதிர்கள் மணியை உடைக்காமலே காட்டிவிடும்.

ஆனால் வயது? இம்மணிகளைக் கார்பன்-14 முறையில் கணிக்க இயலாது. அதே மண்ணடுக்கில் கிடக்கும் கரியோ தானியமோதான் அவற்றுக்குச் சாட்சி. பழநி அருகே பொருந்தலில் ஒரு கல்லறையின் ஜாடியில் இருந்த நெல்லே, அதன் காலம் சுமார் கி.மு. 490 என்று காட்டியது. மணியை இடம் பெயர்த்தால் சாட்சி பிரிந்துவிடுகிறது.

“நான் எடுக்காவிட்டால் டிராக்டர் நொறுக்கிவிடுமே” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மேலே கிடக்கும் மணி தன் ஆழத்தை ஏற்கெனவே இழந்துவிட்டது; அதன் இடத்தையாவது நாம் காப்பாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. ஊர், வயல், நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் மூலம் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். குச்சியால் மட்டும் தோண்டாதீர்கள்!

மணிகளைக் காணும் ஆசையா? கீழடியில் 2023-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்திற்குச் செல்லுங்கள். அங்குள்ள கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்த குழியும் ஆழமும் குறித்து எடுக்கப்பட்டவை. அதனால்தான் அவை நமக்கு வரலாறு கூறுகின்றன.