இரண்டாந்தரம் என்னும் ஏளனம்

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றின் மாலையில் ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட உலகம் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றது. தேசியக் கல்லூரி மெய்வல்லுநர் சங்கத்தின் (என்.சி.ஏ.ஏ. என்றே அது எங்கும் வழங்கும்) பெருஞ் சுற்றுப்போட்டிக்குத் தெரிவான அணிகளின் பெயர்கள் தொலைக்காட்சியில் அறிவிக்கப்படும். 2011 இல் அத்தொகை 68 ஆக உயர்ந்தது. முதற்பிரிவில் ஆடும் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அணிகளுள் எஞ்சியவை வெளியே நிற்கும். வெளியே நிற்பவற்றுள் சிலவற்றுக்கு இன்னோர் அழைப்பு வரும். அது தேசிய அழைப்புச் சுற்றுப்போட்டிக்கான அழைப்பு. அதனைப் பெற்ற கல்லூரியின் ரசிகனுக்கு வாழ்த்துக் கூறுவார் எவருமிலர். போட்டியின் பெயரைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்துகளுக்கு ‘அழைக்கப்படாதோர் போட்டி’ எனப் புதுப்பொருள் கற்பித்து எதிரணி மாணவர் நகைப்பர். அங்கு வெற்றிவாகை சூடினாலும் ‘நாமே அறுபத்தொன்பதாமவர்’ என்று கோஷமிடலாம் என்பது நெடுநாளைய கேலி.

இக்கேலி மாணவரின் வாய்க்குறும்பாக மட்டும் இருந்திருப்பின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அண்மைக் காலத்தில் அது பல்கலைக்கழக நிருவாகங்களின் கொள்கையாகவே மாறிவிட்டது. 2024 இல் இந்தியானா, ஒக்லஹோமா, பிற்ஸ்பேர்க், சென் ஜோன்ஸ் முதலிய கல்லூரிகள் பெரும்போட்டியில் இடங்கிடையாத நிலையில் சிறுபோட்டிக்குச் செல்வதில்லை என முடிவுசெய்தன. ஒரு பருவம் முழுவதும் தம் அணியைப் பின்தொடர்ந்த மாணவரிடம் இதுபற்றி எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ‘பெரிது இல்லையேல் எதுவும் வேண்டாம்’ என்னும் இம்மனப்பான்மை தன்மானத்தின் வெளிப்பாடாகப் பாராட்டவும்பட்டது. உண்மையில் இது தன்மானமன்று. கல்லூரி அணி யாருக்குரியது என்ற வினாவுக்கு நிருவாகங்கள் அளித்த விடையே இது.

முதலில் அறுபத்தொன்பது என்னும் கணக்கை நோக்குவோம். 2024 இல் பெரும்போட்டியின் 68 இடங்களுள் 32 இடங்கள் கூட்டணிதோறும் வெற்றிபெற்ற அணிக்குத் தாமாகவே உரியவை. எஞ்சிய 36 இடங்களையும் குழுவொன்று அறையினுள் அமர்ந்து தெரிவு செய்தது. பலங்குன்றிய கூட்டணியின் வெற்றியாளர் உள்ளே செல்வதும், அவர்களை எளிதில் வெல்லக்கூடிய அணி வெளியே நிற்பதும் இம்முறையின் இயல்பான விளைவு. ஆகவே வெளியே நிற்கும் முதல் அணி நாட்டின் அறுபத்தொன்பதாவது அணி என்பது எண்ணத் தெரியாதவர் கூற்று.

கணக்கை விடவும் முக்கியமானது வரலாறு. சிறுபோட்டி எனப்படுவதே மூத்தது. 1938 இல் நியூயோர்க் விளையாட்டுப் பத்திரிகையாளர் சங்கமொன்று ஆறு அணிகளை மடிசன் ஸ்குவெயர் கார்டன் அரங்குக்கு அழைத்து அதனைத் தொடக்கிற்று. டெம்பிள் பல்கலைக்கழகம் கொலராடோவை வென்றது. என்.சி.ஏ.ஏ. தன் போட்டியைத் தொடங்கியது அடுத்த ஆண்டிலேயே. நாற்பதுகளில் இரண்டும் சமதையாக மதிக்கப்பட்டன. 1950 இல் நியூயோர்க் நகரக் கல்லூரி ஒரே பருவத்தில் இரண்டையும் வென்றது. அக்காலத்தைப் பொற்காலமாக்கிப் பாடுவதும் தவறாகும். அரங்க முதலாளிகளின் வருமானமே அதன் பின்னணியில் நின்றது. 1951 இல் அதே நகரக் கல்லூரியின் வீரர்கள் சூதாடிகளிடம் பணம் பெற்றுப் புள்ளிகளைக் கட்டுப்படுத்தியமைக்காகக் கைதாயினர். தூய்மையான ஒரு பழமை இருந்து பின்னர் கெட்டது என்ற கதைக்கு இங்கே இடமில்லை. ஆயினும் எது பெரிது, எது சிறிது என்பது அன்று தீர்மானிக்கப்பட்டிருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

1970 இல் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. மார்க்கெற் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் அல் மக்குவையர், என்.சி.ஏ.ஏ. தம் அணியை அருகிலுள்ள பிராந்தியத்தில் ஆடவிடாது தொலைவிலுள்ள டெக்ஸசுக்கு அனுப்ப முனைந்தமையால் பெரும்போட்டியின் அழைப்பை மறுத்தார். நியூயோர்க்கின் அழைப்பை ஏற்றுச் சென்று அங்கு வெற்றியும் பெற்றார். இவ்வாறு மறுப்பதற்கான வாய்ப்பையே பின்னர் என்.சி.ஏ.ஏ. விதியொன்றினால் அடைத்துவிட்டது. தனது அழைப்பைப் பெற்ற அணி வேறிடம் செல்லலாகாது என்பதே அவ்விதி. கூடவே தன் போட்டியின் இடங்களையும் படிப்படியாகப் பெருக்கியது: 1975 இல் 32, 1985 இல் 64. நல்ல அணிகள் யாவும் ஒரு பக்கம் இழுக்கப்பட்டபின் மறுபக்கம் மெலிந்துபோனதில் வியப்பென்ன? அழைப்புப் போட்டியை நடத்திவந்த ஐந்து நியூயோர்க் கல்லூரிகள் 2001 இல் இது தனியுரிமைச் சுரண்டல் என நீதிமன்றம் சென்றன. 2005 இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. எதிர்வாதியான என்.சி.ஏ.ஏ. 5 கோடி 65 இலட்சம் டொலருக்கு வழக்கையும் தீர்த்துப் போட்டியையும் வாங்கிக்கொண்டது. இரண்டாந்தரம் என்பது இப்போட்டியின் பிறவிக்குணமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அது விதியால் ஆக்கப்பட்டு விலையால் உறுதிசெய்யப்பட்ட நிலை.

2024 இல் சிறுபோட்டியை மறுத்தவற்றுள் ஒன்றான சென் ஜோன்ஸ், அவ்வழக்கைத் தொடுத்த ஐந்து கல்லூரிகளுள்ளும் ஒன்று. இப்போட்டியை மிக அதிக தடவை வென்ற கல்லூரியும் அதுவே. தன் முற்றத்தில் வளர்ந்த மரத்தின் நிழலில் நிற்கக் கூசுவது போன்றது இது.

இனி ரசிகன் பக்கம் வருவோம். பெரும்போட்டியின் ஆட்டங்கள் கல்லூரி வளாகங்களுக்கு வெளியே, தொலைதூர நகரங்களின் பெரிய அரங்குகளில் நடைபெறுகின்றன. இறுதிச் சுற்றுகளோ உதைபந்தாட்டத்துக்கெனக் கட்டப்பட்ட, எழுபதினாயிரம் பேரைக் கொள்ளும் மைதானங்களில் நடைபெறுகின்றன. விமானச் செலவு, விடுதிச் செலவு, நுழைவுச்சீட்டின் விலை ஆகிய மூன்றையும் தாங்கக்கூடிய பழைய மாணவர் செல்வர். பரீட்சைக்கும் பகுதிநேர வேலைக்கும் நடுவே நிற்கும் மாணவன் தொலைக்காட்சியில் பார்ப்பான். அழைப்புப் போட்டியிலோ 1977 முதல் தொடக்கச் சுற்றுகள் கல்லூரி வளாகங்களிலேயே நடைபெற்றுவருகின்றன. விடுதியிலிருந்து நடந்துசென்று காணக்கூடிய பருவப்பின் போட்டி இது. ‘சிறுபோட்டி’ என ஏளனஞ் செய்வோர் இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றி வாய்திறப்பதேயில்லை.

இதன் பொருள் என்னவென்பதை 2024 இல் டெரஹோட் என்னும் சிறுநகர் காட்டியது. அங்குள்ள இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைப் பெரும்பாலோர் லரி பேர்ட் பயின்ற கல்லூரியாகவே அறிவர். 1979 இல் தோல்வியறியாது இறுதியாட்டம்வரை சென்று மிச்சிகன் மாநில அணியிடம் வீழ்ந்தது அவருடைய அணி. அதன்பின் நீண்ட வறட்சி. 2024 இல் அவ்வணி 28 வெற்றிகளுடன் தன் கூட்டணியில் முதலிடம் பெற்றது. ஆயினும் கூட்டணிச் சுற்றுப்போட்டியின் இறுதியில் டிரேக் பல்கலைக்கழகத்திடம் தோற்றமையால் அதன் தலைவிதி தெரிவுக்குழுவின் கையிற் சென்றது, குழு கைவிட்டது. அந்நகரத்தார் சோர்ந்து வீட்டில் இருந்துவிடவில்லை. ஹல்மன் அரங்கில் சதர்ன் மெதடிஸ்ற், மினசோட்டா, சின்சினாற்றி ஆகிய அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தோற்றுச் சென்றன. அரையிறுதிக்கும் இறுதிக்கும் நீலச் சட்டையணிந்த கூட்டம் ஏறத்தாழ எழுபத்தைந்து மைல் பயணஞ்செய்து, 1928 இல் திறக்கப்பட்ட இந்தியானாபொலிஸ் ஹிங்கில் அரங்கை நிறைத்தது. ஏப்ரல் 4 ஆம் திகதி நடந்த இறுதியாட்டத்தில் சீற்றன் ஹோல் 79க்கு 77 என வென்றது. இரண்டு புள்ளிகள்! பெரும்போட்டிக்குத் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்ட இரு அணிகள் அன்று ஆடிய ஆட்டத்தை எவ்வளவுகோல் கொண்டு இரண்டாந்தரமென்பது?

அடுத்து நிகழ்ந்ததையும் மறைக்கலாகாது. பயிற்றுநர் சென் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அணியின் நட்சத்திரமான றொபி அவிலாவும் அவரைப் பின்தொடர்ந்தார். இதனைச் சுட்டியே ரசிகரின் பற்றைப் பேதைமை என்பாருளர். வீரர் நிலைப்பதில்லை, பணம் உள்ள இடத்துக்குச் செல்வர், அவர்களுக்காகக் கண்டம் கிழியக் கத்துவானேன் என்பது அவர் வாதம். வீரர் தம் பெயராலும் உருவத்தாலும் பொருளீட்டும் உரிமையை 2021 இல் பெற்றது நியாயமே. கோடானுகோடி டொலர் தொலைக்காட்சி வருமானத்தைப் பிறர் பங்கிட அவர்கள் மட்டும் வெறுங்கையராய் நின்றமையே அநீதி. வீரர் செல்லலாம், பயிற்றுநர் செல்லலாம் என்றால் எஞ்சியிருப்பவர் யார்? ஹல்மன் அரங்கின் படிகளில் நின்றவரே. கல்லூரி அணி என்ற சொல்லில் ‘கல்லூரி’ என்ற பாதிக்கு இன்று பொருள் தருவோர் அவர்கள்தாம். பல கல்லூரிகளில் விளையாட்டுத் துறையின் செலவில் ஒரு பங்கு மாணவரிடம் அறவிடப்படும் கட்டணத்திலிருந்தே செல்கிறது என்பதையும் இங்கு சேர்த்து எண்ணவேண்டும்.

மறுத்த நிருவாகங்கள் கூறிய நியாயங்களுள் ஒன்று மட்டும் கவனத்துக்குரியது. வீரர் கல்லூரி மாறுவதற்கான கால எல்லை 2024 இல் பெரும்போட்டித் தெரிவின் மறுநாளே தொடங்கியது. அணியே கலையும் வேளையில் எவரை வைத்து ஆடுவது என்றனர். இடர்ப்பாடு உண்மையானது. ஆனால் அக்கால எல்லையை வகுத்தவர் யார்? அக்கல்லூரிகளையே உறுப்பினராகக் கொண்ட என்.சி.ஏ.ஏ. தானே. தாம் திறந்துவிட்ட கதவினால் காற்றடிக்கிறதென்று முறையிடுவது விந்தை. வகுப்புகள் தவறும் என்ற விரிவுரையாளர் ஆட்சேபமோ பெரும்போட்டிக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துவது; அங்கு அதனை எவரும் எழுப்புவதில்லை.

2025 இல் தொலைக்காட்சி நிறுவனமொன்றின் முயற்சியால் லாஸ் வேகாஸில், பரிசுப்பணத்துடன் மூன்றாவதொரு போட்டியும் தொடங்கிற்று. பெருங்கூட்டணிகளின் அணிகள் சிறுபோட்டியைத் தவிர்த்து அங்கு செல்லலாயின. அதே ஆண்டின் அழைப்புப் போட்டியில் இறுதிவரை வந்தவை சட்டனூகா, கலிபோர்னியா இர்வைன் என்னும் பெருமைபேசாத இரு கல்லூரிகள். மேலதிக நேரத்தில், 85க்கு 84 என, ஒரே புள்ளியால் சட்டனூகா வென்றது. பெரியவர் வராமையால் ஆட்டம் சிறுத்துவிடவில்லை.

இனியும் அழைப்பை மறுக்க விரும்பும் பல்கலைக்கழகம் ஒன்றையேனும் செய்யலாம். ஆட்டம் நடந்திருக்கக்கூடிய அந்த இரவில் தன் அரங்கின் கதவைத் திறந்து, மறுத்தமைக்கான காரணத்தை அங்கு வரும் மாணவர் முன் நின்று சொல்லட்டும்.