பழுது பெட்டியிலா, வீட்டிலா?

வெள்ளவத்தையிலே எமது பெரியப்பா வீட்டில் ஒரு மணிக்கூட்டு வானொலி இருந்தது. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொழிற்பயிற்சி பெற்றுத் திரும்பியபோது அவர் கொண்டுவந்த பொருள் அது. வெண்ணெய் நிறப் பிளாஸ்ரிக் கூடு, இடப்புறத்தில் மணிக்கூடு, வலப்புறத்தில் நிலையங்களைத் தேடும் வட்டம். குறித்த நேரம் வந்ததும் மணி அடிப்பதற்குப் பதிலாக வானொலி தானே பேசத் தொடங்குமென்று அவர் சொன்னபோது, அயல் வீட்டாரும் வந்து பார்த்துப் போயினர்.

பெட்டி வந்த மூன்றாம் நாள் அண்ணாவுக்குப் பரீட்சை. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பாடங்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாமென எண்ணி, இரவு ஒன்பது மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சரியாக வைத்துவிட்டுப் படுத்தார். பெரியம்மாவும் பெட்டியை நம்பி அவரை எழுப்பவில்லை. வானொலி பேசியது உண்மை. ஆனால் அப்பொழுது ஊர் நேரம் ஆறு மணி முப்பத்தாறு நிமிடம்! உண்ணாமலே பஸ்ஸுக்கு ஓடிய அண்ணா, மண்டபக் கதவைச் சாத்தும் தறுவாயில் உள்ளே நுழைந்தார்.

மணிக்கூட்டைத் திருத்துபவர் ஒருவரிடம் கொண்டுபோயினர். அவர் எண்ணெய் விட்டார், பற்சக்கரங்களைத் துடைத்தார், மூன்று ரூபா வாங்கினார். மணிக்கூடோ முன்போலவே மணிக்குப் பத்து நிமிடம் பிந்தியது. பழுது இருந்தாலல்லவா திருத்துவதற்கு?

மாணவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அக்காலத்து மணிக்கூட்டு வானொலிகளில் முள்ளைச் சுழற்றியது ஒரு சிறு மின் மோட்டார். அது மின்சாரத்தின் மீடிறனோடு அடிபிசகாமல் நடப்பது. அமெரிக்காவிலே ஆடலோட்டத்தின் மீடிறன் செக்கனுக்கு 60, இலங்கையிலே 50. ஆகவே அங்கே அறுபது நிமிடம் நடந்த மணிக்கூடு இங்கே ஐம்பது நிமிடந்தான் நடக்கும். இரவு ஒன்பதிலிருந்து ஐந்து வரையுள்ள எட்டு மணித்தியாலத்தை நடந்து முடிக்க அதற்கு ஒன்பது மணி முப்பத்தாறு நிமிடம் பிடித்தது. பெட்டியின் கீழே வைத்திருந்த நிலைமாற்றி 230 வோல்ற்றை 110 ஆக இறக்கியதேயன்றி, மீடிறனைத் தொடவில்லை.

இத்தகைய மோட்டாரை மணிக்கூட்டில் பொருத்திப் பெயர்பெற்றவர் ஹென்றி வாரன் என்னும் அமெரிக்கர். அவர் தொடங்கிய காலத்தில் மின் நிலையங்களின் ஓட்டமே ஒழுங்காக இருக்கவில்லை. 1916இல் பொஸ்ரன் நகர மின் நிலையமொன்றில் அவருடைய தலைமை மணிக்கூடு வைக்கப்பட்டது. அதைப் பார்த்து நிலையத்தார் தமது இயந்திரங்களின் வேகத்தைச் சரிசெய்து வந்தனர். வீட்டு மணிக்கூடு சரியாக ஓடுவதற்கு மின் நிலையமே பொறுப்பேற்ற விந்தை அது!

இப்பழங்கதையை நினைவூட்டியவர் அண்ணாவே. சென்ற மாதம் அவர் எம்மை அழைத்து, "தம்பி, பெட்டியில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. காலம் முடிந்துவிட்டது போலும். எறிந்துவிடட்டுமா?" என்று கேட்டார். எறிய வேண்டாம், வந்து பார்க்கிறோம் என்றோம். பெரியப்பா கடைசிக் காலத்தில் கட்டிலோடு கிடந்தபோது இரவெல்லாம் துணையிருந்த குரல் அப்பெட்டியுடையது.

முதலில் செய்தது, அதனை மின்னிலிருந்து கழற்றியதே. அக்கால அமெரிக்க மலிவுப் பெட்டிகளில் ஐந்து வால்வுகளின் இழைகளைத் தொடராக இணைத்து நேரே மின்வழியில் பூட்டிவிடுவர். உள்ளே நிலைமாற்றி கிடையாது. இதனால் பெட்டியின் உலோக அடித்தட்டிலேயே மின்சாரம் நிற்கக்கூடும். திருகு குமிழ் ஒன்று கழன்று வெறும் உலோகத் தண்டு வெளியே தெரிந்தால், அதைத் தொடும் குழந்தையின் கதி என்ன? வெளியே வைக்கும் நிலைமாற்றி காக்குமென்று பலர் நம்புகின்றனர். ஒரே சுருளிலிருந்து கிளை எடுக்கும் மலிவு வகை வோல்ற்றைக் குறைக்குமே தவிர, மனிதரைக் காக்காது. இரு சுருள்களும் தனித்தனியே உள்ள வகையே வேண்டும். பாட்டனார் வைத்துப்போன பெட்டியை இவ்வாரம் இறக்கித் துடைக்க எண்ணியுள்ள வீட்டார், வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

விடயம் தெரிந்த ஒருவரைக்கொண்டு காய்ந்துபோன கொள்ளளவிகளை மாற்றுவித்தோம். பழைய பெட்டி ‘ம்ம்’ என்று முழங்குவதற்கும், குரல் கரகரத்துத் திரிவதற்கும் பெரும்பாலும் அவையே காரணம். முழக்கம் அடங்கியது. குரல் தெளிந்தது. ஆயினும் இரைச்சல் மட்டும் இம்மியும் குறையவில்லை.

அப்போதுதான் அறுபத்திரண்டாம் ஆண்டு மணிக்கூடு நினைவுக்கு வந்தது. பற்றரியில் இயங்கும் சிறு வானொலியொன்றை மத்திய அலையில் நிலையமில்லாத ஓரிடத்தில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் நடந்தோம். குசினியில் மெல்லிய சீறல். முன் விறாந்தையில் ஏறக்குறைய அமைதி. அண்ணாவின் கட்டிலருகே காதைப் பிளக்கும் ஓசை! அங்கே கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் கருவியும், புதுவகை எல்.ஈ.டி. மின்குமிழும் இருந்தன. இவற்றின் உள்ளே மின்னோட்டம் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடப்படுகிறது. அவ்வெட்டின் எதிரொலி, ஏறத்தாழ 530 முதல் 1600 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள மத்திய அலைப் பரப்பெங்கும் சிதறுகிறது. பெரியப்பாவின் காலத்தில் அந்த மேசையில் ஒரு சாதாரண இழைக்குமிழும் ஒரு செம்புத் தண்ணீரும் அல்லவா இருந்தன?

இரண்டையும் கழற்றியதும் இரைச்சல் பாதியாயிற்று. மிகுதி, சுவருக்கு அப்பாலுள்ள வீட்டிலிருந்து வந்தது. அயலாரிடம் சென்று மின்குமிழை அணையுங்கள் என்று கேட்க முடியாது. ஆனால் பெட்டியைத் திருப்பலாம். பழைய பெட்டியின் பின்னட்டையில் தட்டையாகச் சுற்றிய கம்பிச் சுருளே அதன் ஏரியல். அதன் ஓரம் எத்திசையைப் பார்க்கிறதோ அத்திசையிலிருந்து நன்றாக வாங்கும். அதன் முகம் பார்க்கும் திசையில் செவிடாகும். ஆகவே நிலையம் இருக்கும் திசைக்குப் பெட்டியின் விலாவைக் காட்ட வேண்டும். பிற்கால ட்ரான்சிஸ்டர் பெட்டிகளில் நீளவாக்கில் கிடக்கும் பெரைற்றுக் கோலுக்கோ முறை நேர் எதிரானது: முகத்தையோ முதுகையோ காட்ட வேண்டும். நிலையத்தைப் பிடிக்கும் திசை அகலமானது. செவிடாகும் திசை மிக ஒடுங்கியது. ஆதலால் நல்ல குரலைத் தேடித் திருப்புவதிலும், இரைச்சல் மறையும் புள்ளியைத் தேடித் திருப்புவதே சுலபம். பெட்டியின் முகத்தை அயல் வீட்டுச் சுவருக்கு நேரே வைத்தோம். பார்ப்பதற்கு மரியாதையாக இல்லை என்றார் அண்ணி. காதுக்கு மரியாதையாக இருந்தது.

பின்பு இரவுக்காகக் காத்திருந்தோம். பகலில் வானத்தின் கீழ்ப்படலமொன்று மத்திய அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அப்படலம் கலைய, அலைகள் மேற்படலத்தில் பட்டுத் திரும்பித் தூரதேசத்தில் இறங்கும். பத்து மணியளவில் அக்கரையிலிருந்து ஒரு தமிழ்க் குரல் ஏறியும் இறங்கியும் வந்து சேர்ந்தது.

அக்குரலின் இனிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கங்குல ஒலிபெருக்கி, பின்புறம் திறந்த பிளாஸ்ரிக் கூடு, மிஞ்சினால் இரண்டு வாற்று வலு. இதில் மிருதங்கத்தின் தொப்பி முழுமையாக ஒலிக்குமென எதிர்பார்ப்பது பேராசை. முன்னே தள்ளிய காற்றைப் பின்னே வந்த காற்று ஈடுசெய்துவிடுவதால் தாழ்ந்த சுரங்கள் கரைந்து போகின்றன. உயர்ந்த சுரங்களையோ, அடுத்த நிலையத்தின் குரல் புகாதபடி வடிக்கும் சுற்றே அரிந்துவிடுகிறது. எஞ்சுவது மனிதக் குரலின் நடுப்பகுதி. செய்தி வாசிப்பவர் அருகில் அமர்ந்து சொல்வதுபோல் தோன்றுவது இதனாலேயே. ஆண் குரலின் அடிச்சுரம் ஒலிபெருக்கியில் வராவிடினும், அதன் மேற்சுரங்களைக் கேட்டு எமது செவியே அதனை நிரப்பிக்கொள்கிறது. வால்வுப் பெட்டிகள் உயர்ந்த இசையைத் தருமென்று சொல்லுவோர் சற்று மிகைப்படுத்துகின்றனர் என்பதே எமது எண்ணம். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, கனமான மரமேசையில் வைத்தால் சிறிது பயன் உண்டு.

ஒன்றில் மட்டும் பழையதற்கு இணையில்லை. வால்வுகள் சூடேற அரை நிமிடமாகும். ஆகவே குரல் திடுமென வெடிக்காமல், தொலைவிலிருந்து நடந்து வருவதுபோல் மெல்ல மெல்ல வளரும். ட்ரான்சிஸ்டர் பெட்டிகளோ, உறங்குபவரை உலுப்பி எழுப்பிவிடும்.

பெட்டி இப்போது அண்ணாவின் கட்டிலருகே, சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. கைத்தொலைபேசி விறாந்தைக்குப் போய்விட்டது. மணிக்கூடு இன்னும் மணிக்குப் பத்து நிமிடம் பிந்துகிறது. அதற்குப் பக்கத்திலே சாவி கொடுக்கும் மணிக்கூடொன்றையும் அண்ணா வைத்திருக்கிறார்.