ஐஸ்கிரீம் மணியும் லோரி வேகமும்

தோட்டங்களுக்குப் பிற்பகல் வேளையில் ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிள் வருவது நாமனைவரும் அறிந்ததே. மணியோசை கேட்டதும் லயத்துப் பிள்ளைகள் கையில் சில்லறையுடன் ஓடுகிறார்கள். அந்த மோட்டார் சைக்கிள் எங்கே நிற்கிறது? பல இடங்களில் லயத்துக்கு எதிர்ப்புறம், நிழல் விழும் ரோட்டோரத்தில். பிள்ளை ரோட்டைக் கடந்து போக வேண்டும். வாங்கிக்கொண்டு மறுபடியும் கடந்து வர வேண்டும். போகும்போது ஐஸ்கிரீம்காரர் போய்விடுவாரோ என்ற பதைப்பு. வரும்போது கண்ணெல்லாம் கையில் உருகும் ஐஸ்கிரீம் மேல். லோரியைப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு ஏது நேரம்?

லோரியும் நின்று நிதானித்து வருவதில்லை. நிறுத்து முடித்த ரப்பர்ப் பால் காலத்தோடு தொழிற்சாலை சேராவிட்டால் உறைந்துவிடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களிலும் இதே கதைதான். வெட்டிய குலை சீக்கிரம் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டிரைவர் லயத்தருகே வேகத்தைக் குறைத்தால் அவருக்கு ஒரு நடை குறையும். அவரும் நம்மைப்போல் பிள்ளைகுட்டிக்காரர். அவசரம் அவருடைய சுபாவமல்ல, அவருடைய கூலிமுறை.

விபத்தென்று ஒன்று நடந்துவிட்டாலோ, பழி நேரே தாயின் தலையில் விழுகிறது. "பிள்ளையைக் கவனிக்கத் தெரியாதா?" என்று ஆபீசில் கேட்கிறார்கள், வெட்கம், லயத்திலும் கேட்கிறார்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவப்போனவள், வீடு திரும்பிச் சோறாக்கித் துணி துவைத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதுதான்; யார் மறுத்தார்கள்? ஆனால் சிறு பிள்ளைகளால் வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் பெரியவர்களைப்போல் கணிக்க முடியாது. அடித்துச் சொன்னாலும் அந்தத் திறன் வயதுக்கு முன்னால் வந்துவிடாது.

அமெரிக்காவில் டிட்ராய்ட் என்றொரு நகரம், கார்த் தொழிலாளர் நிறைந்த ஊர். அங்கும் ஐஸ்கிரீம் வண்டியைச் சுற்றிப் பிள்ளைகள் அடிபட்டார்கள். 1976-ஆம் ஆண்டில் நகராட்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஐஸ்கிரீம் வண்டி நின்று விற்பனை செய்யும்போது, அதைத் தாண்ட வரும் கார் முதலில் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு வழிவிட வேண்டும். பிறகு மெல்லப் போக வேண்டும். ஐஸ்கிரீம் வண்டியில் மின்னும் விளக்கும் 'நில்' என்று நீளும் பலகையும் இருக்க வேண்டும். இச்சட்டம் வந்தபின் அத்தகைய விபத்துகள் 77 விழுக்காடு குறைந்ததாக ஆய்வில் கண்டார்கள். டிட்ராய்ட் பிள்ளைகளுக்கு ஒரே கோடையில் புத்தி முளைத்துவிட்டதா? இல்லையே. பொறுப்பைப் பிள்ளையிடமிருந்து எடுத்துப் பெரியவர்களிடம் வைத்தார்கள், அவ்வளவுதான்.

நம்மிடையே சிலர், "ஐஸ்கிரீம்காரரைத் தோட்டத்துக்குள் விடாதே, கேட்டிலேயே தடுத்துவிடு" என்கிறார்கள். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. தடுத்தால் அவர் எங்கே போவார்? கேட்டுக்கு வெளியே, பெரிய ரோட்டில் நிற்பார். அங்கே மணிக்கு 90 கிலோமீட்டர் வரை ஓடச் சட்டமே இடங்கொடுக்கிறது. மணி கேட்டால் பிள்ளைகள் அங்கேயும் ஓடுவார்கள். அதைவிட ஆபத்து வேறென்ன வேண்டும்? மேலும், விற்றால்தான் காசு என்று வெயிலில் அலையும் ஒருவரின் பிழைப்பில் நாம் ஏன் கைவைக்க வேண்டும்?

அவரை உள்ளே வரவிட்டு, நிற்கும் இடத்தை நாம் குறித்துக் கொடுப்போம். ஆயாக் கொட்டகைக்கோ கோயிலுக்கோ முன்னாலுள்ள திடல், லயத்துப் பக்கமாகவே இருக்கட்டும். ரோட்டைக் கடக்கும் வேலையே இருக்கக்கூடாது. வண்டி நின்ற பிறகுதான் மணி அடிக்க வேண்டும் என்றும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஓடிக்கொண்டே மணி அடித்தால் பிள்ளைகள் துரத்தி ஓடுகிறார்கள். பாதி ஆபத்து அதில்தான் இருக்கிறது. மரியாதையாகச் சொன்னால் எந்த வியாபாரியும் கேட்பார், அவருக்கும் ஒரே இடத்தில் வியாபாரம் ஆகும்.

மற்றவை நிர்வாகத்தின் கடமை. தோட்ட ரோடு அவர்களுடையது. அதில் வேகம் பார்க்கப் போலிஸ்காரர் வந்து நிற்பதில்லை. லயத்தின் இரு முனையிலும் மேடு போடட்டும், அறிவிப்புப் பலகை நடட்டும். பிள்ளைகள் வெளியில் விளையாடும் நேரத்தில் லோரிகளை லயத்து வழியே அனுப்பாமல் வேறு பாதையில் அனுப்பட்டும். மெதுவாகப் போனதற்காக டிரைவரின் கூலி குறையக்கூடாது. இதைக் கிளைச் செயலவை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கிராணிமார் இதில் பெரிய உதவி செய்ய முடியும். லோரி எத்தனை மணிக்கு எந்த வழியாகப் போகிறதென்பது அவர்கள் கணக்கிலேயே இருக்கிறது. அதைப் பார்த்து ஒரு மனு எழுதிக் கொடுத்தால் அடுத்த கிளைக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடலாம். ரோட்டில் இரண்டு மேடு போட எத்தனை நாள் வேலை? அதற்கும் "பணம் ஒதுக்கவில்லை" என்று ஒரு நிர்வாகம் பதில் எழுதுமானால், அந்தக் கடிதத்தைக் கிளைத் தலைவர் இப்பத்திரிகைக்கு அனுப்பி வைக்கட்டும். தோட்டத்தின் பெயரோடு அப்படியே அச்சிடுகிறோம்.