யூத மாப்பிள்ளை, இந்து மணப்பெண்: ராபி கிடைக்கலைன்னா கல்யாணம் எப்படி? முழு விவரம்

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ஆலைகளில் வெளிமாவட்ட, வெளிமாநில ஊழியர்களோடு வெளிநாட்டு இன்ஜினியர்களும் வேலை பார்க்கிறார்கள். அங்கே ஓர் இந்துப் பெண்ணும் யூத இளைஞரும் காதலித்தால், கல்யாணத்தை நடத்திவைப்பது யார்?

ராபி ஏன் கிடைப்பதில்லை?

ராபி என்றால் யூத மதகுரு. யூத மதச் சட்டப்படி மணமக்கள் இருவருமே யூதராக இருக்க வேண்டும். அதனால் ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் பிரிவு ராபிகள் கலப்பு மணத்தை நடத்துவதில்லை. ரிஃபார்ம் பிரிவில் அது அந்தந்த ராபியின் முடிவு. இந்தியாவில் ராபிகளே அபூர்வம். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூத ஆலயத்திலேயே, விவரம் தெரிந்த பெரியவர்கள்தான் வழிபாட்டை நடத்தி வந்தார்கள்.

சுயமரியாதைத் திருமணம் செல்லுமா?

செல்லாது. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். 1967-ல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவாக உள்ளது. புரோகிதர் தேவையில்லை, மாலை மாற்றினாலே போதும். ஆனால், அந்தச் சட்டப்படி இருவரும் இந்துக்களாக இருக்கணும். பௌத்தர், சமணர், சீக்கியர் இதில் அடக்கம். யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் வரமாட்டார்கள்.

அப்போ என்னதான் வழி?

1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். மதம் மாற வேண்டாம், மதகுருவும் வேண்டாம்.

* இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது தங்கியிருக்க வேண்டும். வாடகை அறையில் இருப்பவர்கள் முகவரி ஆதாரத்தை முதலிலேயே வாங்கி வைப்பது நல்லது.
* திருமண அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும்.
* மணநாளில் 3 சாட்சிகள் வேண்டும்.

பயம் எங்கே?

நோட்டீஸ் அலுவலகத்தில் ஒட்டப்படும். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால், அங்குள்ள அதிகாரிக்கும் நகல் போகும். வீட்டுக்குத் தெரியாமல் மணம் முடிக்க நினைப்பவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். இந்த நோட்டீஸை வெளியிடுவது ஜோடியின் விருப்பம் என 2021-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் சட்டம் திருத்தப்படவில்லை.

சடங்கு செய்யலாமா?

தாராளமாக. எந்த முறையிலும் மணம் செய்யலாம் என்கிறது 12-வது பிரிவு. யூதப் பந்தலுக்குக் கீழே தாலியும் கட்டலாம். கூடுதல் கட்டணம் கட்டினால், நியாயமான தொலைவில் உள்ள மண்டபத்துக்கு அதிகாரியே வருவார். அவர் முன்னும் சாட்சிகள் முன்னும் சட்டம் சொல்லும் உறுதிமொழியை இருவரும் சொன்னால்தான் திருமணம் செல்லும்.

நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கல்யாணம் முடியணும். தவறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், விசா தேதியையும் நோட்டீஸ் தேதியையும் சரிபார்ப்பது அவசியம்.